ஆற்றுக்குள் போன பந்து

1

என்னை யாராவது நன்றாக ஏசியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன ஆவணியில் தேற்றாத்தீவு ஆற்றங்கரைத் திடலில் எங்கள் ஊர்ப் பழசுகள் களுவாஞ்சிக்குடிப் பழசுகளிடம் கிரிக்கெட்டில் தோற்றுப்போனார்கள். பழசுகள் என்றால் நாற்பது தாண்டியவர்கள். வருடத்துக்கு ஒரு நாள், கோயில் திருவிழா முடிந்த கையோடு, தொந்தியும் முழங்கால் வலியுமாக இறங்கி ஆடுகிற மெட்ச் அது. அன்றைய தோல்விக்கு முழுக் காரணமும் நான்தான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை. சிரித்தார்கள், தோளில் தட்டினார்கள், கதிரை போட்டு இருத்தி எனக்குக் கோழிக்கால் வைத்தார்கள்.

ஒரு வருடமாகியும் அந்தக் கோழிக்கால் எனக்குச் செமிக்கவில்லை.

நான் இருப்பது சுவிஸில், பேர்ன் நகரத்துக்குப் பக்கத்து ஊரொன்றில். ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. காலையில் போய்க் கரட் அவிப்பேன், அதை மசிப்பேன், பல் இல்லாதவர்களுக்குத் தனியாக, பல் இருந்தும் மெல்ல மனமில்லாதவர்களுக்குத் தனியாக. இந்த ஆவணிக்கு லீவு கேட்டேன். போன வருடம் கோடையில் உங்களுக்குத் தந்தாயிற்று, இந்த முறை சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு என்று மேலாளர் பெண்மணி சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். நியாயம்தான். இந்த நாட்டில் நியாயத்துக்குக் குறைச்சல் இல்லை.

2

மெட்சுக்கு இரண்டு நாள் முன்புதான் நான் ஊரில் போய் இறங்கினேன். மனைவிக்கு லீவு இல்லை. மகள் அபிராவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினாறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் படியிறங்குகிற மாதிரி நின்று நின்று பேசுவாள்.

அடுத்த நாளே யோகன் வீட்டுக்கு வந்தான். எங்கள் அணிக்கு எந்தக் காலத்திலும் அவன்தான் கெப்டன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஏறிப்போன குரல், மெதுவாகப் பேசினாலும் பக்கத்து வளவுக்குக் கேட்கும்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒரு ஆள் குறையுது. நாளைக்கு நீங்கதான் மூணாவதா இறங்குற."

"நான் பட் தொட்டு எத்தனை வருசம் யோகன்."

"அதெல்லாம் கைக்குள்ள இருக்கும். வாங்க."

சின்ன வயதில் யோகன் என்னை மூர்த்தி என்றுகூடக் கூப்பிட்டதில்லை. அரிதட்டு என்றுதான் கூப்பிடுவான். மா அரிக்கிற தட்டில் மா நிற்காத மாதிரி என் கையில் பந்து நிற்காது, அதனால் வந்த பெயர். அந்தப் பெயரை அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. முற்றத்தில் போட்ட கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அப்ப வாறன்" என்று எழும்பிப் போனான்.

மறுநாள் பின்னேரம் திடலுக்குப் போனேன். அங்கே தவம் நின்றான். தவம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி சாந்தி களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. அவளுடைய தம்பிமார் இரண்டு பேர் எதிர் அணியில் ஆடுகிறவர்கள். ஒவ்வொரு வருடமும் தோற்ற பிறகு தவம் மாமனார் வீட்டுக்குப் போனால் சோறு போடும்போது ஒரு கதை, கறி விடும்போது ஒரு கதை. இந்த வருடமாவது இவன்களை வென்று காட்டவேண்டும் என்று, கடையை வெள்ளனப் பூட்டிவிட்டு மாதக்கணக்காகப் பழகினானாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது அவன் காலில் கிடந்த புதுச் சப்பாத்து மட்டும்தான். கிரிக்கெட்டுக்கென்றே வாங்கிய வெள்ளைச் சப்பாத்து. நூல்கூட அழுக்குப்படவில்லை.

யோகன் தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் தவத்தின் கையில் கொடுத்தான்.

"நீ அம்பயர் நில்லு."

தவம் தொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டான்.

ஆள் குறையவில்லை. சரியாகப் பதினொரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்து விழுந்தவன் நான். அந்த இடத்திலேயே "எனக்கு ஏலா, தவம் விளையாடட்டும்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு மெட்ச்தானே என்று நினைத்தேன்.

3

இந்த இடத்தில் சுவிஸ் கதை ஒன்று சொல்லவேண்டும்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப்புறம் மூன்று பேர். மலைகளின் பெயர் கேட்டார்கள், குப்பையை எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்கள், எல்லாம் சொன்னேன். பிறகு ஒருவர், "இங்கே எந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறீர்கள்?" என்றார். அவர்களுக்கு அது பெரிய விஷயம். பாட்டுச் சங்கம், துப்பாக்கி சுடும் சங்கம், ஏதாவது ஒன்றில் இருந்தால்தான் ஆள் ஊரோடு சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். நான் எதிலும் இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, ஊரில் கிரிக்கெட் ஆடுவேன் என்பதை என் ஜெர்மனில் சொன்னேன். அது வீட்டுக்குள் ஆடுவேன் என்று வந்து விழுந்துவிட்டது. அந்த மனிதர் கவலையோடு, "கீழ்வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையா?" என்று கேட்டார்.

குடியுரிமை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், நான் எதில் உறுப்பினர் என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. தேற்றாத்தீவுப் பழசுகள் அணியில் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் ஒரு மெட்ச்கூடத் தாங்கவில்லை.

எங்கள் குசினித் தலைமைச் சமையல்காரர் ஒரு மூர்க்கமான ஆள். ஒருநாள் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். என் கண், என் மூளை, நான் பிறந்த நேரம், ஒன்றையும் விடவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. ஊருக்குப் போய் வந்த பிறகு யோசித்தால், அந்த மனுசன் என்னைத் தன் ஆளாக வைத்துத்தான் ஏசியிருக்கிறார். விருந்தாளி உப்பைக் கூட்டிப் போட்டால் யாரும் ஏசமாட்டார்கள்.

4

களுவாஞ்சிக்குடிக்காரர் முதலில் ஆடினார்கள். அவர்களுடைய பெரிய அடிகாரன் ஆரம்பத்திலேயே ஒன்றைத் தூக்கி அடித்தான். நேரே என்னிடம் வந்தது. நான் நகரத் தேவையில்லை, கையை விரித்தால் போதும். விரித்தேன். பந்து கைக்குள் வந்து, கொஞ்சம் இருந்துவிட்டு, நிலத்தில் விழுந்தது.

திடலில் ஒரு சத்தமும் இல்லை. முந்திய காலமென்றால் எட்டுத் திசையிலிருந்தும் வந்திருக்கும், என் பரம்பரைக்கே கேட்டிருக்கும்.

"பரவாயில்ல, பரவாயில்ல. வெயில் கண்ணுக்க அடிச்சிருக்கும்" என்றான் யோகன்.

வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது.

அந்த அடிகாரன் அதற்குப் பிறகு விளாசித் தள்ளிவிட்டான். எங்கள் முறை வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆடுகிற அணியின் ஆள்தான் அம்பயர். தவம் தொப்பியோடு விக்கட்டுக்குப் பின்னால் வந்து நின்றான். முதலாவது ஆள் போனதும் நான் இறங்கினேன். மூன்றாவதாக இறங்குகிறது தவத்தின் இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வந்த மூன்றாவது பந்தோ நான்காவதோ, என் பட்டில் உரசிக்கொண்டு பின்னால் போனது. கீப்பர் பிடித்தான். கீப்பர் வேறு யாருமில்லை, சாந்தியின் மூத்த தம்பி. டெனிஸ் பந்துதான், ஆனாலும் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. களுவாஞ்சிக்குடி முழுவதும் கையைத் தூக்கியது. தவம் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

"அத்தான், காது கேக்கல்லியா உங்களுக்கு?"

"காத்துடா. காத்து கடுமையா இரையுது."

எல்லோரும் சிரித்தார்கள். கீப்பரும் சிரித்துக்கொண்டே பந்தை எறிந்தான். வெளிநாட்டால் வந்தவர் ஆசைக்கு இரண்டு அடி அடிக்கட்டும் என்று திடலே சேர்ந்து முடிவெடுத்துவிட்டது. நானே பட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கவேண்டும். வரவில்லை. தலையைக் குனிந்து காலடி மண்ணைப் பட்டால் தட்டிக்கொண்டு நின்றேன்.

நின்றவன் கொஞ்சமாவது ஆடினானா என்றால் அதுவுமில்லை. நான் தட்டித் தட்டி ஓவரைத் தின்றேன், மற்றப் பக்கம் நின்றவர்கள் அவசரப்பட்டு அடித்து ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசி ஓவர், கடைசிப் பந்து, நான்கு ஓட்டம் வேண்டும், கடைசி விக்கட்டுக்கு நான் நிற்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். பட்டது. வாழ்க்கையில் அப்படி ஒன்று என் பட்டில் பட்டதே இல்லை. பந்து எழும்பி, கரையில் நிற்கிற கிண்ணை மரங்களுக்கு மேலால் போய், ஆற்றுக்குள் விழுந்தது. நான் பட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, அபிரா நின்ற பக்கம் திரும்பிக் காட்டினேன்.

எல்லோரும் பந்து போன பக்கம் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு திடலே குலுங்கிச் சிரித்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

எங்கள் திடலில் ஆற்றுக்குள் அடித்தால் ஆறு ஓட்டம் இல்லை. அவுட். நாங்கள் சின்னப் பொடியன்களாக இருந்தபோது எங்களிடம் ஒரே ஒரு பந்து இருந்தது. அதை ஆறு கொண்டுபோகாமல் இருக்க நாங்களே போட்ட சட்டம். ஆற்றுக்குள் அடித்தால் அவுட், அடித்தவன்தான் இறங்கி எடுக்கவேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதை மறந்துபோய்ப் பட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். யோகன் களுவாஞ்சிக்குடிக் கெப்டனிடம் போய், "என்ன, இதச் சிக்ஸ் எண்டு வெப்பமா?" என்று கேட்டான். அந்த ஆளும் தலையைச் சொறிந்துகொண்டு, "அவர் நெடுகவா வரப்போறார், வெச்சிட்டுப் போங்க" என்றார்.

"இல்ல, அது அவுட்" என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான்.

5

பந்தை எடுக்கக் கரைக்குப் போனேன். யோகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"நீங்க நில்லுங்க. உங்கட சப்பாத்தெல்லாம் சேறாகும். முதல வேற கிடக்கு."

"நான்தானே அடிச்ச. நான்தானே எடுக்க வேணும்."

"அது அந்தக் காலம். நில்லுங்க நீங்க."

அதற்குள் தவம் கரையில் குந்தியிருந்து அந்த வெள்ளைச் சப்பாத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டையும் சோடியாகப் புல்லில் வைத்தான், தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்தான், இறங்கினான். மற்றவர்கள் கரையில் நின்று, வந்து இவனைப் பிடி என்று பகிடிக்கு முதலையைக் கூப்பிட்டார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கிக் கடற்காற்று எழும்புகிற நேரம். பந்து மிதந்துகொண்டு மேற்கே போனது. தவம் எட்டி வைக்க வைக்க அதுவும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் கையை விரித்துக் காட்டிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

யோகன் என் கையைப் பிடித்துத்தான் இருந்தான். ஆனால் அந்தப் பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை. உதறியிருந்தால் விட்டிருக்கும்.

தோற்ற அணி வென்ற அணிக்குச் சோறு பரிமாறவேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். நானும் வாளியைத் தூக்கப் போனேன். பிடுங்கி வைத்துவிட்டு, வென்றவர்களோடு என்னை இருத்தினார்கள். தவம் ஈரச் சட்டையோடு வந்து எனக்குக் கோழிக்கால் வைத்தான்.

"வடிவாச் சாப்பிடுங்க" என்றான்.

சாந்தியும் வந்திருந்தாள். நான் முகத்தைத் தொங்கப்போட்டிருந்ததைக் கண்டு, "நீங்க யோசிக்காதீங்க அண்ணன். இவர் விளையாடி இருந்தாலும் தோத்துத்துத்தான் வந்திருப்பார்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய், புல்லில் கிடந்த சப்பாத்தை எடுத்துத் தட்டி, ஒரு பைக்குள் போட்டு வைத்தாள்.

6

ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது அபிரா கேட்டாள்.

"அப்பா, உங்கட பட்ல பந்து பட்டது. சத்தம் கேட்டது. ஏன் அந்த மாமா இல்லை எண்டு பொய் சொன்னவர்?"

"அது மரியாதைக்கு."

"அவர் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப நீங்களும் பொய்."

இந்தப் பிள்ளையை வளர்த்தது சுவிஸ் பள்ளிக்கூடம் பாதி, நான் பாதி. பொய் சொல்லக்கூடாது என்ற பாதி என்னுடையதுதான். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இவள் என் ஊரிலிருந்து தள்ளிப் போகிறாள் என்று இத்தனை நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். தமிழ் குறைகிறது, சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கிறாள் என்று மனைவியிடம் முறையிட்டதும் நான்தான். அன்றைக்குத் திடலில் நடந்ததை உள்ளபடி பார்த்தவள் அவள் ஒருத்தி. தள்ளிப் போயிருந்தது நான்.

திரும்பி வந்ததும் குற்ற உணர்வு பொறுக்காமல் ஒரு பெட்டி நிறையப் பந்து வாங்கி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். யோகன் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தான். "பெரிய உதவி. அணி சார்பாக உங்களுக்கு நன்றி" என்று பரிசளிப்பு விழாவில் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு தரம் கேட்டுவிட்டு அழித்தேன்.

7

இன்று மத்தியானம் யோகன் வீடியோவில் கூப்பிட்டான். ஊரில் பின்னேரம், இந்த வருட மெட்ச் முடிந்த கை. பின்னால் சோற்றுக் கிடாரமும் புகையும் தெரிந்தது.

"இந்த முறையும் தோத்துத்தம்" என்றான்.

"தவம் விளையாடினவனா?"

"மூணாவதா இறங்கி நல்லா அடிச்சவன். மறுகா அவன்ட மச்சான்ட பந்துக்கே விக்கட்டக் குடுத்துத்தான்."

"பரவாயில்ல யோகன். நல்லாத்தான் விளையாடியிருக்கீங்க" என்றேன்.

பின்னால் இருந்து ஒரு கை வந்து போனைப் பறித்தது. தவத்தின் முகம். வியர்வையும் புழுதியும், கையில் சோற்று அகப்பை.

"என்ன பரவாயில்ல? ஆரப் பாத்துடா பரவாயில்ல எண்டுற? பத்து வருசத்துக்கு மேல நாங்க தோத்துக்கொண்டு வாறம், நீ அங்க இருந்து பரவாயில்ல எண்டுற."

நான் போனை இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"போன வருசம் வெண்டிருப்பம். அரிதட்டு, அந்தக் கேட்ச நீ விடாம இருந்திருந்தா வெண்டிருப்பம். வெயில் உனக்கு முதுகுப் பக்கம்டா. நான் பாத்துக்கொண்டுதானே நிண்ட. அவுட்டாகியும் போகாம நிண்டு ஓவரெல்லாத்தையும் திண்ட நீ. எனக்கும் அவுட் எண்டு சொல்ல வாய் வரல்ல, அது எண்ட பிழ. எல்லாரும் உன்னத் தலையில தூக்கி வெச்சிக்கொண்டு நிண்டம், நீயும் நல்லா ஏறி இருந்துத்தாய். எண்ட பொஞ்சாதிட ஊட்டுல இந்த வருசம் முழுக்க அந்த மெட்சச் சொல்லிச் சொல்லியே என்னக் கொண்டுபோட்டானுகள்."

பின்னால் யோகன், "டேய், டேய், விடுடா" என்று பதறுவது கேட்டது.

"விடுறன், இரு. மூர்த்தி, கேள். பெட்டி பெட்டியாப் பந்து அனுப்பாத. ஆத்துக்குள்ள உன்ட பந்து ஒண்டு கிடக்கு. நீ அடிச்சது. அடிச்சவன்தான் எடுக்க வேணும். வந்து இறங்கி அத எடுத்துத்து மறுகா பட்டப் புடி."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. அதை அவன் கண்டானோ தெரியாது, "சரி, சோறு ஆறுது, வெக்கிறன்" என்று போனை வைத்தான்.

வீட்டுக் குசினி வாசலில் அபிரா நின்றாள். தவத்தின் குரல் அடுத்த மாடிக்கே கேட்டிருக்கும்.

"ஏன் அப்பா அந்த மாமா ஏசினவர்?"

"நான் செய்ததுக்கு."

"உங்களுக்குச் சந்தோசமா?"

"ஓம்" என்றேன். உண்மைதான். சந்தோசமும் இருந்தது, வெட்கமும் இருந்தது, இரண்டும் தனித்தனியாகப் பிரியவில்லை. அடுத்த ஆவணி லீவுக்கு நாளைக்கே போய்ச் சொல்லி வைக்கப்போகிறேன், நீயும் வாறியா என்று கேட்டேன்.

அவள் வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அந்தப் பந்தை எடுக்கவா?"

"ஓம். அது எப்பவோ போயிருக்கும். ஆனாலும் இறங்கத்தான் வேணும்."

"ஆறு ஆழமா?"

"சேச்சே. இடுப்பளவுத் தண்ணிதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, வழக்கம்போல நின்று நின்று, சொன்னாள்.

"இல்லை அப்பா. தவம் மாமாவுக்குக் கழுத்து வரைக்கும் வந்தது. நான் பார்த்தனான்."